பெற்றவர்கள் பார்த்துக்கொள்வார்களாம்

வெள்ளம் வந்தால் மாற்றுத்திறனாளிக் குழந்தையை அதன் பெற்றோர் எப்படியும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. அதிகாரிகளுக்கு மட்டுமல்ல, அடுத்த வீட்டுக்காரர்களுக்கும். தாய்ப்பாசத்தைப் போற்றுவதுபோல் தோன்றும் இந்த நம்பிக்கை உண்மையில் பொறுப்பைக் கைகழுவுகிறது.

செங்கல்பட்டு மாவட்டத்து ஊரப்பாக்கத்தில் இதைப் பொருத்திப் பாருங்கள். ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர் போலவே அடையாற்றின் தொடக்கப் பகுதியை ஒட்டி வளர்ந்த ஊர். 2015 பெருவெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் கண்ட பகுதி. இடுப்பளவுத் தண்ணீர், பள்ளம் எது, சாலை எது என்று தெரியாத தெரு. அதில் மூளை முடக்குவாதம் உள்ள பதின்மூன்று வயதுப் பிள்ளையை ஒரு தாய் எவ்வளவு தூரம் சுமப்பாள்? கரன்ட்டை நிறுத்தினால் லிஃப்ட் நிற்கும். மூன்றாம் மாடியில் பிள்ளையின் சளியை உறிஞ்சும் கருவியும் நிற்கும். வலிப்பு மாத்திரை நாலு நாளில் தீரும். எப்படியோ முகாமுக்கு வந்துவிட்டாலும், கூட்டமும் இரைச்சலும் தாங்காமல் ஆட்டிசம் உள்ள பிள்ளை அலறும். சுற்றியிருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்த முகங்களுக்குப் பயந்தே தண்ணீர் புகுந்த வீட்டில் தங்கிவிடத் தோன்றாதா?

ஒலிபெருக்கியை நம்பும் எச்சரிக்கை காது கேளாத பிள்ளையை எட்டாது. ஓசை எட்டாத பிள்ளைகளின் கதி என்னவாகும் என்பதற்கு இந்த ஊருக்கு வெளியே தேட வேண்டாம். 2023 அக்டோபரில் ஊரப்பாக்கம் தண்டவாளத்தில் மின்சார ரயில் மோதி இறந்த மூன்று சிறுவர்களில் காது கேளாதவர்களும் இருந்தார்கள்.

பெற்றோரே உடனில்லாத இடங்களும் உண்டு. இலங்கையின் காலியில் இருந்த சம்போதி மாற்றுத்திறனாளிகள் இல்லத்தில், 2004 சுனாமியன்று இருந்த 102 பேரில் பிழைத்தவர்கள் 41 பேர். 2011இல் ஜப்பானைச் சுனாமி தாக்கியபோது, மாற்றுத்திறனாளிகளின் இறப்பு விகிதம் மற்றவர்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அந்த நாடு 2021இல் சட்டத்தைத் திருத்தி, உதவி தேவைப்படும் ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம் வகுக்க முயலும் கடமையை உள்ளாட்சிகளுக்குத் தந்தது.

அவசரத்தில் ஒவ்வொருவராகப் பார்க்க முடியுமா என்று கேட்பார்கள். அவசரத்தில் முடியாது என்பதால்தான் முன்கூட்டியே கேட்கிறோம். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும், ஆபத்தை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. இது சலுகை அல்ல. மாத உதவித்தொகை தரும் அரசுக்கு முகவரி தெரியாதா? வீட்டுக்கே போய்ப் பயிற்சி தரும் சிறப்பாசிரியருக்கு எந்தப் பிள்ளை நடக்காது, எது பேசாது என்பது தெரியும். அந்த விவரம் மழைக்காலத்தில் கிராம நிர்வாக அலுவலரின் கைக்கும் படகில் ஏறும் தீயணைப்பு வீரரின் கைக்கும் வர வேண்டும்.

செங்கல்பட்டு மாவட்டம் அக்டோபருக்குள் இதைச் செய்யட்டும்: ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரிலும் தூக்க வரப்போகும் இருவரின் பெயர், தேவையான மருந்து, போய்ச் சேர வேண்டிய சாய்தளமுள்ள முகாம். பெற்றோரின் பெயர் அந்த இருவரில் ஒன்றாக இருக்கக் கூடாது.