ருரித்தானியாவும் நாவலப்பிட்டியும்

1811இல் ஜேன் ஒஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' லண்டனில் வெளிவந்தபோது கண்டியில் இன்னும் அரசன் இருந்தான். நான்கே ஆண்டுகளில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டான். வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு அங்கேயே இறந்தான். ஆங்கில நாவல் இந்த மலைகளில் ஏறியது துரைமாரோடும் மிஷன் பள்ளிக்கூடங்களோடும்தான். துரைமார் போய்விட்டார்கள். நாவல் போகவில்லை. பாடத்திட்டத்தில் வைத்திருப்பதால் என்று சொல்லிவிடலாம். ஆனால் பரீட்சைக்குப் படித்ததைப் பரீட்சை மண்டபத்திலேயே இறக்கி வைத்துவிட்டு வருவதல்லவா நம் வழக்கம்? ஆங்கிலப் புத்தகத்தைத் தொட்டே பார்க்காதவர்களிடமும் இந்தக் கதைகள் சேர்ந்திருக்கின்றன. அது வேறு வழியில் நடந்த காரியம்.

நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்த எம்.ஜி.ஆர். அதில் பெரும் பங்கு வகித்தார். அன்ரனி ஹோப் 1894இல் எழுதிய 'த பிரிசனர் ஒவ் ஸெண்டா', 1937இல் ஹொலிவூட் படமாகிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. எம்.ஜி.ஆர். 1958இல் தாமே தயாரித்து இயக்கிய 'நாடோடி மன்னன்' நிற்பது அந்தக் கதையின் எலும்புக்கூட்டின்மேல்தான். ஹோப்பின் நாயகன், ருரித்தானியா என்ற கற்பனை நாட்டுக்குப் போகும் ஆங்கிலக் கனவான். முகச்சாயல் ஒத்திருந்ததால் மன்னன் இடத்தில் முடிசூடுகிறான். இளவரசிமீது காதல் கொள்கிறான். முடிவில் அரியணையையும் காதலியையும் உரியவனிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புகிறான். கனவானின் மானமும் தப்பியது, முடியாட்சியும் தப்பியது. எம்.ஜி.ஆரின் வீராங்கனோ ஆரம்பத்திலேயே அந்த ஆட்சியை எதிர்த்துக் கிளம்பியவன். சிம்மாசனம் கைக்கு வந்ததும் ஏழைகளுக்காகச் சட்டம் போடுகிறான். ராஜவிசுவாசக் கதையொன்று திராவிட இயக்க மேடையாகிவிட்டது.

இலங்கையில் அது என்ன காலம் என்பதையும் பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. வாக்குரிமையும் போயிற்று. வாக்குச்சீட்டே இல்லாத மனிதர், தம்மைப் போன்ற ஒரு சாமானியன் அரசாணை எழுதுவதைத் திரையில் பார்த்தால் அதை வெறும் கத்திச்சண்டைப் படமென்று நினைத்திருப்பாரா? லயன் அறைகளில் எம்.ஜி.ஆர். படம் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டதற்குக் கவர்ச்சியை மட்டும் காரணம் சொல்வோரை நான் நம்புவதில்லை.

ஒஸ்டினும் அப்படித்தான் வந்தார். ராஜீவ் மேனனின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000), 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யின் சகோதரிகளைச் செட்டிநாட்டு வீட்டில் குடிவைத்தது. சொத்து கைமாறி, வீட்டுப் பெண்கள் பெட்டி படுக்கையுடன் வெளியேறுவதைப் புரிந்துகொள்ள நமக்கு அடிக்குறிப்பு வேண்டியதில்லை. என்னை உறுத்துவது இன்னொரு மாற்றம். நாவலின் கேணல் பிரண்டன் கிழக்கிந்தியாவில் பணியாற்றியவர். ஒஸ்டின் அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். படத்தில் அந்தப் பாத்திரத்தை ஏற்ற மம்முட்டி, இந்திய அமைதிப்படையில் வந்து இலங்கையில் காலை இழந்தவர். சென்னை ரசிகருக்கு அது நாயகனின் சோக முன்கதை. நமக்கு அது நம் வீட்டுச் சண்டை.

சரி, நம் தேயிலை மலைகளையே களமாகக் கொண்ட ஆங்கில நாவல் இல்லையா? ரொபர்ட் ஸ்டாண்டிஷ் எழுதிய 'எலிஃபண்ட் வோக்' இருந்தது. 1954இல் எலிசபெத் டெய்லர் நடித்துப் படமாகவும் வந்தது. படப்பிடிப்பின் ஒரு பகுதி இலங்கையிலேயே நடந்தது. பங்களா, துரை, துரைசானி, யானைக்கூட்டம். தொழிலாளர்கள் வேலை செய்யவும் கொள்ளைநோயில் சாகவும் வந்துபோகிறார்கள். மலை நம்முடையது, கதையில் நமக்கு நிற்க இடமில்லை. எந்த வரைபடத்திலும் இல்லாத ருரித்தானியாவில் அந்த இடம் தாராளமாகக் கிடைத்தது.

லெனாட் வூல்ஃப் இதற்கு விலக்கு. 1907இல் கண்டிக் கச்சேரிக்கு ஆங்கில அதிகாரியாக வந்தவர். போகம்பறைச் சிறையின் தூக்குத் தண்டனைகளைக் கடமை நிமித்தம் உடனிருந்து பார்த்தவர். பிறகு அம்பாந்தோட்டையில் கண்ட வாழ்க்கையை வைத்து 1913இல் 'த வில்லேஜ் இன் த ஜங்கிள்' எழுதினார். அதில் துரைமார் ஓரத்தில் நிற்க, சிலிந்து என்ற வேட்டைக்காரனும் அவன் பெண்மக்களும் நடுவில் இருக்கிறார்கள். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதை 'பெத்தேகம' என்று சிங்களத்தில் படமாக்கியபோது வூல்ஃபையும் ஒரு பாத்திரமாக உள்ளே கொண்டுவந்தார். நடித்தவர் ஆர்தர் சி. கிளார்க். நாவலை எழுதியவருக்குப் படத்தில் கிடைத்தது நீதிபதியின் நாற்காலியும் ஒரு சிறு வேடமும். மற்றதெல்லாம் சிலிந்துவின் படம்.