முதலில் பழுது பார்ப்போம், அப்புறம் டியூனிங்

கொஞ்சம் நீளமான பதிவு. டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

கோவையில் பட்டறை வைத்திருக்கும் நம் மாணவர் ஒருவர் பழைய 100 சிசி ரேஸ் கோ-கார்ட் ஒன்றை வாங்கியிருக்கிறார். காலையில் நன்றாக ஓடுகிறதாம், சூடானதும் திணறுகிறதாம். வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தார். பத்து நிமிடத்தில் ஏகப்பட்ட யோசனைகள். பெரும்பாலானவை, "கார்புரேட்டர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகிப் பாருங்க" என்பதுதான். எனக்கு இதில் உடன்பாடில்லை.

பழுது வேறு, டியூனிங் வேறு. இருக்க வேண்டியது இருக்க வேண்டியபடி இல்லாவிட்டால் அது பழுது. எல்லாம் சரியாக இருக்கும் வண்டியை அன்றைய காற்றுக்கும் ட்ராக்குக்கும் ஏற்றபடி அமைப்பது டியூனிங். காய்ச்சல் அடிக்கிற பையனை யாராவது ஓட்டப் பந்தயத்துக்குத் தயார் செய்வார்களா?

இது செலவைப் பற்றிய பேச்சு மட்டுமில்லை. அவருடைய கார்ட்டில் கிளட்ச் கிடையாது. இன்ஜினிலிருந்து செயின் நேராகப் பின் அச்சுக்குப் போகிறது. டிஃபரன்ஷியலும் இல்லை, இரண்டு பின் சக்கரமும் ஒரே தண்டில். ஓடும்போது பிஸ்டன் சூட்டில் இறுகி இன்ஜின் 'சீஸ்' ஆனால், அந்த நொடியே இரண்டு பின் சக்கரமும் பூட்டிக்கொள்ளும். வண்டி சுழலும். கார்ட்டில் சீட் பெல்ட்டும் கிடையாது. அதில் உட்காரப்போவது அவருடைய மகன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

டூ ஸ்ட்ரோக் பாடத்தை ஒரு நிமிடம் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸ்தான் பெட்ரோல் கலவையை உறிஞ்சி மேலே தள்ளும் பம்ப். அங்கே ஆயில் சீலோ கேஸ்கட்டோ கசிந்தால் வெளிக்காற்று உள்ளே நுழையும், கலவையில் பெட்ரோல் குறையும். இந்த இன்ஜினுக்கு ஆயில் பெட்ரோலோடுதான் வருகிறது. ஆகவே பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. சூடு ஏறும், உராய்வும் ஏறும். இந்த நிலையில் ஸ்க்ரூவைத் திறந்துவிட்டால் திணறல் நின்றுவிடும், கசிவு நிற்காது. நோய் உள்ளேயே இருக்க, அறிகுறியை மட்டும் அழித்துவிடுகிறோம்.

என் கருத்தில் வரிசை இப்படி இருக்க வேண்டும்.

முதலில் நிற்க வேண்டும், பிறகுதான் ஓட வேண்டும். பிரேக் ஆயிலை மாற்றுங்கள், காய்ந்த சீல்களை மாற்றுங்கள். ஃபிரேமைக் கழுவி, வெல்டிங் இடங்களில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கார்ட்டுக்கு சஸ்பென்ஷன் இல்லை, அந்த இரும்புக் குழாய்கள் வளைந்து கொடுப்பதுதான் சஸ்பென்ஷன். பல வருடம் வளைந்த குழாய் எங்காவது விட்டிருக்கும்.

இரண்டாவது, தீப்பொறி. சூடாகி நின்ற அதே நிமிடம் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அப்போது பொறி இல்லை, ஆறியபின் வருகிறது என்றால் காயில் மீதுதான் முதல் சந்தேகம். பொறி நன்றாக இருந்து பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் அளவுக்கு மேல் வருகிறது.

மூன்றாவது, பெட்ரோல் வழி. டேங்க் மூடியில் இருக்கும் சின்னக் காற்றுத் துளை அடைத்திருந்தால்கூட கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். மூடியைத் தளர்த்திப் பார்க்கக் காசு வேண்டாம். அப்புறம் கார்புரேட்டர். இதில் நம் பைக் மாதிரி மிதவை இல்லை. ரம்பம் இன்ஜினில் இருப்பதுபோல் மெல்லிய டயாஃப்ரம். வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினாலும் கவலையில்லை என்பதால் அந்த ஏற்பாடு. ஆனால் வயதானால் விறைத்துப்போகும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு அது ஆகாது, ஈரத்தையும் இழுக்கும். டயாஃப்ரத்தையும் பெட்ரோல் குழாயையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

நான்காவது, கசிவு. ஆக்சிலேட்டரை விட்டபிறகும் வேகம் குறையத் தயங்கினால், தானாக ஏறினால், இதுதான். உறிஞ்சும் வாயையும் புகை வாயையும் அடைத்து, 6 பிஎஸ்ஐ அளவுக்கு மட்டும் காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்குகிறாரே, அதே கதைதான்.

இவ்வளவும் தேறிய பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். அதையும் பெட்ரோல் கூடுதலாக இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கி, அரைக்கால் அரைக்கால் சுற்றாகக் குறைத்து வாருங்கள். (அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. மறந்தவர்கள் தாத்தாவிடம் கேட்கவும்!) முழு வேகத்தில் ஓடிவந்து இன்ஜினை அணைத்து பிளக்கைப் பாருங்கள். பால் காபி நிறம் என்றால் நல்லது. வெளுத்திருந்தால் ஆபத்து, உடனே பெட்ரோலைக் கூட்டுங்கள். ஈரக் கறுப்பு என்றால் இன்னும் குறைக்கலாம். விடியற்காலைக் குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதற்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். மதிய வெயிலில் குறைவாகப் போதும். பஜாஜ் ஸ்கூட்டருக்கு லிட்டருக்கு 20 மில்லி ஆயில் ஊற்றிய பழக்கத்தில் இதற்கும் ஊற்றாதீர்கள். நிமிடத்துக்கு 10,000 சுற்று சுழலும் இன்ஜின் இது. 50 மில்லி கேட்பவையும் உண்டு. தயாரித்தவர் சொன்ன அளவுதான் கணக்கு.

அந்தக் கால ஓட்டுநர்கள் நீண்ட நேர் பாதையின் முடிவில் ஒரு கையை எடுத்துக் கார்புரேட்டர் வாயைப் பொத்துவார்கள். காற்று குறைந்து, பெட்ரோலும் ஆயிலும் கூடுதலாக உள்ளே போய் பிஸ்டனைக் காப்பாற்றும். அயர்ட்டன் சென்னா 1979, 1980 ஆண்டுகளில் உலக கார்ட்டிங் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்ததும் இந்த 100 சிசி வகையில்தான். அவர்கள் இன்ஜின் கேட்பதைக் கொடுத்தார்கள், அதனால் ஜெயித்தார்கள்.

"இவ்வளவு எதற்கு சார், புது இன்ஜின் மாட்டிவிடலாமே" என்று ஒருவர் எழுதியிருந்தார். மாட்டலாம். 1956-ல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் முதல் கார்ட்டைச் செய்தபோது புல்வெட்டும் இயந்திரத்தின் இன்ஜினைத்தான் மாட்டினார். எதை மாட்டினாலும் கார்ட் ஓடும். ஆனால் காரணம் தெரியாமல் மாற்றினால், புது இன்ஜினும் அதே அடைத்த மூடிக்கும் அதே கெட்டுப்போன பெட்ரோலுக்கும்தான் பலியாகும்.

இன்று பல துறைகளில் கம்ப்யூட்டர் ஒரு எண்ணைக் காட்டுகிறது, நாம் பாகத்தை மாற்றுகிறோம். பழைய கார்ட் எண் காட்டாது. சத்தம், நிறம், சூடு, மணம், இவ்வளவுதான் அதன் மொழி. அதைக் கேட்கப் பழகும் பையன் நாளை எந்த இயந்திரத்தின் முன்னாலும் திகைத்து நிற்கமாட்டான்.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, வெயில், டயர் காற்று, ஸ்க்ரூ எத்தனை சுற்று, பின் பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று எழுதுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. ஓட்டுவது மூடிய ட்ராக்கில், ஹெல்மெட்டோடு. காலியாக இருக்கிறதே என்று பைபாஸில் இறக்கிவிடாதீர்கள்.

ஆர்எக்ஸ் 100 பிரித்துக் கை கறுத்தவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. விட்டுப்போனதைக் கமெண்டில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்