ஃபான்ட் போட்டால் வந்துவிடுமாம்!

ஆடி பிறந்துவிட்டால் புதுச்சேரி வீராம்பட்டினத்தில் ஆளாளுக்கு ஒரு பட்டியலைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். வரி கொடுத்தவர், கொடுக்காதவர், பந்தல் கணக்கு, மேளக் கணக்கு. செங்கழுநீர் அம்மன் தேருக்கு பிரெஞ்சுக்காரன் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்தார், இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். தேர் ஓடும் அந்த ஆடி ஐந்தாம் வெள்ளிக்குள் கணக்கெல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்தாக வேண்டும். தெரிந்த தம்பி ஒருவன் பென்டிரைவோடு வந்து நின்றான். பழைய எக்செல் ஃபைல். குடும்பத் தலைவர்களின் பெயர்கள். என் மென்பொருளுக்குள் ஏற்றி, பெயரைத் தட்டினால் பாக்கி தெரிகிற மாதிரி செய்து தர வேண்டுமாம். திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்.

“ஒண்ணும் இல்லண்ணே, உங்ககிட்ட பாமினி ஃபான்ட் இல்ல. வாட்ஸப்ல அனுப்பறேன், போட்டீங்கன்னா வந்துடும்.”

எது வந்துவிடும்? இந்த வாக்கியத்தை ஜெராக்ஸ் கடையில் கேட்டிருக்கிறேன், அரசு அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன், கணினிப் பட்டம் வாங்கிய பேராசிரியர் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன். கணினியில் தமிழுக்கு எந்த நோய் வந்தாலும் மருந்து ஒன்றுதான்: ஃபான்ட். தேட முடியவில்லையா, ஃபான்ட். வரிசைப்படுத்த முடியவில்லையா, ஃபான்ட். பில்லில் பெயர் பாதியில் அறுந்துபோகிறதா, நல்ல ஃபான்டாகப் போட வேண்டும்.

அந்த ஃபைலுக்குள் உண்மையில் என்ன இருந்தது என்று பார்ப்போம். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எண்ணாகச் சொன்னால் 106, 107, 112, 111, 59. கணினிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அது தமிழே இல்லை. பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். ஜே வரவேண்டிய இடத்தில் ‘த’ போல ஒரு படத்தை வரை என்று ஃபான்ட் சொல்கிறது, அது வரைகிறது. கவலை மீன் கூடையில் வஞ்சிரம் என்று சீட்டு ஒட்டி ஏலம் விடுகிற வேலை இது. சீட்டைப் பார்ப்பவருக்கு வஞ்சிரம், சட்டியில் போடுபவருக்குக் கவலை.

என் மென்பொருள் சட்டியில் போடுகிற கட்சி. ‘அஞ்சலை’ என்று, தமிழுக்கென்றே தனி எண்கள் வைத்திருக்கும் யூனிகோடில் தட்டித் தேடினால் ஒரு அஞ்சலையும் அகப்படவில்லை. ஊரில் அஞ்சலைக்குப் பஞ்சமா? அகர வரிசைக்குப் போட்டேன். வேடிக்கையைக் கேளுங்கள். பாமினியில் ‘உ’ என்பது சி, ‘அ’ என்பது எம். ஆகவே உலகநாதன் முன்னால், அஞ்சலை பின்னால். கொ, செ, தெ, பெ என்று தொடங்கும் பெயர்கள் எல்லாவற்றுக்கும் முதலில் கொம்பு அடிக்க வேண்டும். கொம்பு என்பது என். அதனால் கொளஞ்சி, பெருமாள், தெய்வானை, செல்வம் நால்வரும் ஒரே எழுத்துக்காரர்களாகி, இதே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். தொல்காப்பியர் கனவிலும் காணாத அகர வரிசை.

இன்னும் இருக்கிறது. பாமினியில் ‘இ’ என்பது காற்புள்ளி. புரோகிராம் எழுதுபவர்களுக்கு இப்போதே அடிவயிறு கலங்கியிருக்கும். சிஎஸ்வி கோப்பாக்கி, காற்புள்ளி வரும் இடமெல்லாம் வெட்டு என்று எல்லோரும் எழுதுகிற அந்த ஒற்றை வரியை எழுதினால், இளங்கோவும் இந்திராவும் முதலெழுத்தைப் பறிகொடுத்துப் பக்கத்துக் கட்டத்துக்குக் குடிபோய்விடுவார்கள். இளங்கோவின் கதவு எண் தந்தை பெயராகும், தந்தை பெயர் பாக்கித் தொகையாகும். இதற்கும் ஃபான்ட் போட்டால் வந்துவிடுமா தம்பி?

“சரிண்ணே, கன்வர்ட்டர்ல போடுங்க” என்பார்கள் அடுத்து. போடலாம். எழுத்துக்கு எழுத்து மாற்றும் அட்டவணை, முன்னால் நிற்கும் கொம்பை மெய்க்குப் பின்னால் நகர்த்தும் நாலு வரி. ஒரு மாலை வேலைதான். ஆனால் அதே கட்டத்தில் எவரோ பிள்ளையின் இனிஷியலை ஏரியல் ஃபான்டில் ஆங்கிலத்தில் அடித்திருக்கிறாரே? எக்செல்லில் இருக்கும் வரை எது பாமினி, எது ஏரியல் என்பது கட்டத்தின் ஒப்பனையில் குறித்திருக்கும். வெறும் உரையாக வெளியே எடுத்த நொடியில் ஒப்பனை போய்விடும். பிறகு ஜே என்பது ‘த’வா, ஜெயராமனின் ஜேவா? கன்வர்ட்டருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்பது தமிழா ஆங்கிலமா என்று அந்தக் கோப்பால் சொல்லவே முடியாது. இதுதான் நோய். எழுத்தின் அழகில் ஒரு கோளாறும் இல்லை.

யூனிகோடுக்கு வந்தவர்களாவது திருந்தினார்களா என்றால், அவர்கள் யூனிகோடையே ஒரு ஃபான்ட் என்று நினைக்கிறார்கள். “யூனிகோட் ஃபான்ட்ல அடிச்சேன் சார், கேள்விக்குறியா வருது, வேற ஃபான்ட் குடுங்க.” ஐயா, திரையில் தமிழ் கெட்டுத் தெரிவதற்கு மூன்று முகங்கள் உண்டு. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் மட்டுமே எழுத்துரு இல்லை என்று பொருள். அங்கே உங்கள் மருந்து வேலை செய்யும், எடுத்துக்கொள்ளுங்கள். கேள்விக்குறியாகத் தெரிந்தால், அங்கே இருப்பது கேள்விக்குறியேதான். எண் 63. தமிழை வாங்கத் தெரியாத ஏதோ ஒரு வாசலில் எழுத்து செத்து, அதன் இடத்தில் 63 பதிவாகிவிட்டது. உலகத்தில் உள்ள ஃபான்ட்களை எல்லாம் இறக்கினாலும் விதவிதமான கேள்விக்குறிகள்தான் கிடைக்கும்.

அந்த வாசல் பெரும்பாலும் தெரிந்த வாசல்தான். 1998இல் வந்த விஷுவல் பேசிக் 6 உள்ளுக்குள் யூனிகோடாகவே சேமிக்கும். ஆனால் திரைக்கு வரும் பெட்டிகள் பழைய ஆன்சி ரகம், தமிழ் அங்கே கேள்விக்குறி. அதில் எழுதிய பில் மென்பொருள் இன்றும் எத்தனையோ கல்லாவில் ஓடுகிறது. எஸ்க்யூஎல் சர்வரில் பெயருக்கான பத்தியை வழக்கம்போல வார்ச்சார் என்று வைத்தால் கேள்விக்குறி. என்வார்ச்சார் என்று வைத்துவிட்டு, கட்டளையில் மேற்கோளுக்கு முன்னால் ஓர் ‘என்’ போட மறந்தாலும் கேள்விக்குறி. பெயரை மேற்கோளுக்குள் ஒட்டாமல் பாராமீட்டராக அனுப்பினால் அந்தத் தொல்லையே இல்லை, திருட்டுக் கட்டளை உள்ளே புகுவதும் நிற்கும். இதைச் சொன்னால் “லதா ஃபான்ட் போட்டுப் பாத்தீங்களா?” என்கிறார்கள்.

மூன்றாவது முகம் தலைமேல் கோடு போட்ட ‘ஏ’யும், வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட பதிவு முத்திரையும் மாறி மாறி வருவது. “இது பிரெஞ்சு ஃபைல் போலிருக்கு” என்று சொன்னவரை எனக்குத் தெரியும். புதுச்சேரியாயிற்றே, சொல்லலாம். அது நல்ல தமிழ். யுடிஎஃப்-8 ஆக எழுதியதை எக்செல் பழைய ஆன்சியாகப் படிக்கிறது. கோப்பின் தலையில் 239, 187, 191 என்று மூன்று பைட் அடையாளம் இருந்தால் எக்செல் புரிந்துகொள்ளும். சி ஷார்ப்பில் கோப்பை எழுதும்போது என்கோடிங் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டால் அந்த அடையாளம் விழும். குறிப்பிடாமல் விட்டால் விழாது. ஒரு சொல் சேர்க்கிற வேலை. ஒரு ஃபைலும் கெடவில்லை, ஒரு ஃபான்டும் தேவையில்லை. ஆனால் அதற்குள் கடைக்காரர் “சிஸ்டத்த ஃபார்மட் அடிக்கணும்” என்று காசு வாங்கியிருப்பார்.

எழுத்து சரியாகத் தெரிந்துவிட்டால் முடிந்ததா? ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லும். டாட்நெட்டிடம் நீளம் கேளுங்கள், ஐந்து என்று சொல்லும்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. யுடிஎஃப்-8 கோப்பில் பதினைந்து பைட். பெயருக்கு இருபது பைட் போதும் என்று ஆங்கிலக் கணக்கில் வெட்டினால் புள்ளி அறுந்து ‘முருகன்’ ‘முருகன’ ஆகிறார். மலிவான தெர்மல் பிரின்டருக்குள் இருக்கும் எழுத்துப் பட்டியலில் தமிழே கிடையாது. பில்லைப் படமாக வரைந்துதான் அனுப்ப வேண்டும். ஐஸ் கம்பெனிக்கு பில் மென்பொருள் எழுதினால் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான். பிரின்டர் விற்றவரிடம் கேட்டுப் பாருங்கள் என்ன சொல்கிறார் என்று. ஆம், அதே சொல்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கூத்து. ‘கொ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகர உயிர்க்குறி ஒன்றாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. எண்ணை எண்ணோடு ஒப்பிடும் மென்பொருளுக்கு இரண்டும் வேறு. நார்மலைஸ் என்று ஓர் அழைப்பு போட்டால் இவை ஒன்றாகிவிடும். ஒளவையார் ஆகமாட்டார்: ‘ஔ’வுக்கென்று தனி எழுத்து இருக்க, நம்மவர்கள் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்து அடித்துவைக்கிறார்கள். ஸ்ரீதருக்கும் அதே கதி. 2005இல் யூனிகோடில் ‘ஶ’ சேர்ந்த பிறகு, அதைக் கொண்டும் ‘ஸ’வைக் கொண்டும் இரண்டு ‘ஸ்ரீ’ உலவுகின்றன. பெயர்ப் பட்டியலில் ஒருவரே இரண்டு பேராக இருப்பார், இரண்டு பேருக்கும் பாக்கி இருக்கும். இதையெல்லாம் உள்ளே வாங்கும் இடத்திலேயே பிடித்து ஒன்றாக்க வேண்டும். வரிசைப்படுத்தும்போது தமிழ்-இந்தியா கல்ச்சரைக் கொடுக்க வேண்டும். வெறும் எண் வரிசையில் விட்டால் ‘ந’வுக்கு அடுத்த வீட்டில் ‘ன’ குடியிருக்கும், ‘வ’வுக்கு முன்னால் ‘ழ’ நிற்கும்.

வீராம்பட்டினத்துக்குப் பக்கத்திலேயே அரிக்கமேடு. 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது தமிழி எழுத்து கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்த ஓட்டை எடுத்துத் துடைத்து அறிஞர்கள் படித்துவிட்டார்கள். இருபது ஆண்டுக்கு முந்தைய எக்செல் ஃபைலைப் படிக்க வாட்ஸப்பில் ஃபான்ட் வாங்க வேண்டியிருக்கிறது.

வழி தெரியாமலா இப்படி? 1991இல் வந்த யூனிகோட் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்ற குறியேற்றங்களும் முடிவாயின. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடும் யூனிகோட் தமிழோடும் வந்தது. 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டையொட்டி தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. யூனிகோட் ஓடாத இடத்துக்கு டேஸ்16 என்றது. ஆணைக்கென்ன, ஆணை இருக்கிறது. அந்த ஆணைக்குப் பிறகும் எத்தனையோ அறிவிப்புகள் அச்சடித்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து, சற்றே சாய்ந்த படமாகத்தான் நமக்கு வருகின்றன. குறியேற்றச் சிக்கலுக்கு இதைவிடச் சிறந்த தீர்வு உண்டா? எழுத்தே வேண்டாம், படம் போதும்.

டிடிபி கடைக்காரரைத் திட்டி என்ன பயன் என்று கேட்கலாம். திட்டத்தான் செய்வேன். அவர் விடாமல் பிடித்திருக்கும் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதற்கு யூனிகோட் தமிழ் தெரியாது. இன்டிசைன் 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பிலேயே இந்திய மொழிகளுக்கு வழிசெய்துவிட்டது. அதற்குப் பிறகு கடையில் கம்ப்யூட்டர் எத்தனை முறை மாறியிருக்கும்? பேஜ்மேக்கர் மாறவில்லை. கம்ப்யூட்டர் வகுப்புகளும் லேசுப்பட்டவை அல்ல. டேலி சொல்லித்தருகிறார்கள், பவர்பாயின்டில் எழுத்து பறந்து வந்து விழச் சொல்லித்தருகிறார்கள். எழுத்து என்றால் எண் என்று ஒரு வகுப்பு எடுக்க ஆளில்லை. அங்கே படித்து வேலைக்குப் போன பிள்ளைகள் நம் பெயரை ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒவ்வொரு விதமாக அடித்துவைக்க, நாம் பெயர் ஒன்றுதான் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி அலைகிறோம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி 61 நாள். அந்த நாள்களுக்கான நிவாரணத்துக்கு அட்டையில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர் என்று நிற்பவர்களைக் கேளுங்கள், ஒற்றெழுத்தின் விலையைச் சொல்வார்கள்.

இப்போது புதிதாக ஒரு கூட்டம். “டெஸ்க்டாப்லாம் செத்துப்போச்சு சார், எல்லாத்தையும் கிளவுட்ல போடுங்க, ஆப் ஆக்குங்க.” சரி, போடுங்கள். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி மேகத்துக்குப் போனால் அங்கேயும் அதுவாகவேதான் இருக்கும். கணினியிலாவது ஃபான்ட் போட்டு ஒப்பேற்றலாம். செல்பேசியில் அதற்கும் எளிதான வழி இல்லை. ஒரு குழுவில் இதற்கும் தீர்வு கண்டுபிடித்தார்கள். பாமினி உள்ள கணினியில் பட்டியலைத் திறந்து, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, வாட்ஸப்பில் ஏற்றிவிட்டார்கள். பெயர் வேண்டுமென்றால் விரலால் தள்ளித் தள்ளித் தேடிக்கொள்ளலாம்.