பேராலய வாசலில் ஒரு சிறுவனும் நாயும்

பெல்ஜிய நாட்டு ஆண்ட்வெர்ப் நகரிலே அன்னை மரியாவின் பேராலயம் உண்டு. ஆண்டவரைச் சிலுவையில் உயர்த்தும் காட்சியும், சிலுவையினின்று இறக்கும் காட்சியும் ரூபன்ஸ் என்னும் ஓவிய மேதையின் கைவண்ணத்தில் அங்கே விளங்குகின்றன. 1980களில் அந்நகருக்கு வந்த ஜப்பானியப் பயணிகளோ நெல்லோ என்ற சிறுவனையும் பத்ராஷ் என்ற நாயையும் பற்றி விசாரித்தனர். ஊராரில் பலர் விழித்தனர். அப்படி இருவரை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை!

1872-இல் வீடா என்ற புனைபெயருடைய ஆங்கில எழுத்தாளர் எழுதிய சிறு நவீனத்தில் வரும் பாத்திரங்கள் இவர்கள். 1908-இல் கதை ஜப்பானிய மொழிக்குச் சென்றபோது, சிறுவனுக்குக் கியோஷி என்றும் நாய்க்குப் புச்சி என்றும் உள்ளூர்ப் பெயர் சூட்டினர். 1975-இல் ஃபூஜி தொலைக்காட்சி அதனை 'அனிமே' எனப்படும் சித்திரத் தொடராக்கி, ஓராண்டு முழுவதும் ஞாயிறு மாலைதோறும் ஒளிபரப்பியது. குடும்பம் ஒன்றாய் அமர்ந்திருக்கும் வேளையல்லவா அது?

நெல்லோ, தாத்தாவுடன் பால் வண்டி இழுத்துப் பிழைக்கும் அனாதை. ஓவியனாக வேண்டுமென்பது அவன் ஆசை. ஆனால் ரூபன்ஸின் ஓவியங்களைத் திரையிட்டு மூடியிருந்தார்கள். காசு கொடுத்தால்தான் திரை விலகும். தாத்தா இறக்கிறார், தீ வைத்தான் என்ற வீண்பழி விழுகிறது, போட்டிப் பரிசும் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கே போகிறது. கிறிஸ்து பிறப்பின் முன்னிரவில், தன்னை வெறுத்த செல்வந்தரின் பணப்பையைப் பனியில் கண்டெடுத்து, பட்டினி வயிற்றோடு திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேராலயம் செல்கிறான். திரை விலகியிருக்கிறது. மனம் நிறையக் கண்டபின், நாயை அணைத்தபடி குளிரில் உயிர் துறக்கிறான்.

அமெரிக்கத் திரைப்படங்கள் சில அவனைப் பிழைக்க வைத்துவிட்டன. ஜப்பானியர் அவ்வாறு செய்யவில்லை. நேர்மை வழுவாமல் தோற்றவன்மீது அவர்களுக்கு நெடுநாளைய பரிவு உண்டு. 1189-இல், சொந்த அண்ணனாலேயே வேட்டையாடப்பட்டு மாண்ட யோஷிட்சுனே என்னும் வீரனை இன்றும் கொண்டாடுகின்றனர். அந்தப் பரிவைக் குறிக்க 'ஹோகன் பீகி' என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறார்கள். நெல்லோவிலும் அவர்கள் தங்கள் யோஷிட்சுனேயையே கண்டார்கள் போலும். அதே வேளையில், கிறிஸ்தவர் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவே உள்ள அந்நாட்டுக் கலைஞர்கள், இறுதிக் காட்சியில் வானதூதர்களை இறங்கச் செய்து இருவரையும் விண்ணகம் சேர்த்தனர். எங்கோ இருக்கும் கத்தோலிக்கப் பேராலயம் ஒன்று, ஜப்பானியக் குழந்தைகள் கோடிப் பேருக்கு இவ்வாறே அறிமுகமாயிற்று.

சாவை இத்துணை அழகாகக் காட்டுவது எனக்கு முழு உவப்பன்று. பிள்ளைகளோடு இதைக் காணும் பெற்றோர், வானதூதரோடு நின்றுவிடாமல் மறுநாள் காலையையும் பேச வேண்டும். செல்வந்தர் அழுதுகொண்டு வருகிறார். அவனது திறமையை உணர்ந்த ஓவியர் ஒருவரும் தேடி வருகிறார். எல்லாரும் ஓரிரவு பிந்திவிட்டார்கள். அந்தத் திரையைத் தொங்கவிட்டவர்கள் யார் என்று பிள்ளை கேட்டால், நம்மைச் சேர்ந்தவர்களே என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஜப்பானியரின் தேடலால் ஆண்ட்வெர்ப்காரர்களும் விழித்துக்கொண்டனர். 1985-இல் அருகிலுள்ள ஹோபோக்கனில் சிலை எழுந்தது. 2016-இல் பேராலயத்தின் எதிரிலேயே வெண்பளிங்குச் சிலை அமைத்தனர்: தெருக் கற்களையே போர்வையாகப் போர்த்திக்கொண்டு சிறுவனும் நாயும் உறங்குகிறார்கள். பேராலயத்தைச் சுற்றிப் பார்க்க வரும் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் பெறுகிறார்கள். சிலை தெருவில் இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை.