முப்பது வார்த்தையில் நான்

இந்தப் பத்தி தொடங்கும் முன் ஆசிரியர் குழுவிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "சார், உங்களப் பத்தி முப்பது வார்த்தையில எழுதி அனுப்பிடுங்க. கூடவே ஒரு போட்டோ." போட்டோ அன்றைக்கே போய்விட்டது. முப்பது வார்த்தைக்கு ஐந்து வாரம் ஆயிற்று. அதுவரை என் பெயருக்குக் கீழே வெறும் ஊர்ப் பெயரைப் போட்டு ஒப்பேற்றினார்கள்.

அந்த ஊர்ப் பெயரிலும் தகராறு உண்டு. எங்கள் கீழ்பென்னாத்தூருக்கு இரண்டு சுழி 'ன' போடுகிறவர்கள் இருக்கிறார்கள், மூன்று சுழி 'ண' போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பஸ் போர்டில் ஒன்று, கடைப் பலகையில் ஒன்று. ஆங்கிலத்தில் எழுதும்போது 'கில்', 'கீல்', 'கிழ்' என்று அவரவர் நாக்குக்குத் தக்கபடி. நான் வேலைக்குச் சேர்ந்தபோது உறைமேல் 'வடஆற்காடு மாவட்டம்' என்று எழுதுவார்கள். 1989-இல் மாவட்டம் பிரிந்து 'திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்' ஆயிற்று. 1997-இல் சம்புவராயரும் போய் வெறும் திருவண்ணாமலை. இத்தனைக்கும் திண்ணையில் உட்கார்ந்து கடிதத்துக்குக் காத்திருந்த பெரியவர் எழுந்து எங்கேயும் போகவில்லை.

முப்பத்தேழு வருஷம் தபால் துறை. சைக்கிளில் பை மாட்டிய தபால்காரனாகச் சேர்ந்து, பரீட்சை எழுதி, போஸ்ட்மாஸ்டராக ஓய்வுபெற்றேன். மறுவாரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நிற்கிறேன். "போஸ்ட்மாஸ்டர் சார்" என்று ஒரு குரல். திரும்பினேன். எனக்குப் பின்னால் கிளாஸோடு நின்றிருந்த ஒருவரும் திரும்பினார். என் நாற்காலிக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். கூப்பிட்டது அவரைத்தான்.

முப்பது வார்த்தை ஏன் வரவில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மகள் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். விஷயத்தைச் சொன்னேன். "அப்பா, நீ இன்னும் கவுன்டர்லயே உக்காந்துட்டு இருக்கே. இதுக்குப் பேரு பெர்சனல் பிராண்டிங். உன்கிட்ட மட்டும் என்ன இருக்கோ, அத ஒரே வரியில பளிச்சுனு சொல்லணும்" என்றாள். அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் மாதிரியும் வந்தது. 'நாற்பதாண்டு அனுபவம் மிக்க தகவல்தொடர்பு வல்லுநர், கதைசொல்லி, சமூகச் சிந்தனையாளர்.' படித்ததும் யாரோ பெரிய மனிதர் வீட்டுக்கு வந்துவிட்டது போல இருந்தது. நாற்காலி எடுத்துப் போடலாமா என்று பார்த்தேன்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். இது அவள் கண்டுபிடித்ததல்ல. 1997-இல் டாம் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க நிர்வாக எழுத்தாளர் 'ஃபாஸ்ட் கம்பெனி' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொருவரும் ஒரு சரக்கு, அதற்கு விளம்பர மேலாளரும் அவரவரே என்பது சாரம். அப்போதிருந்து இந்தப் பேச்சு ஓயவில்லை. இன்றைக்குக் கல்லூரி முடிக்கிற பிள்ளைக்கு லிங்க்ட்இன் பக்கம் இல்லையென்றால் வேலைக்கு எடுப்பவர் கண்ணில் படுவது கஷ்டம். அது பிழைப்பு சம்பந்தப்பட்டது. கிழவன் கிண்டலுக்கு அதில் இடமில்லை.

ஆனால் 'பிராண்ட்' என்ற சொல்லின் வேரைத் தேடினால் அது நெருப்பில் போய் நிற்கிறது. மாட்டின் தோலில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் போடுகிற சூடு. நமக்கும் புதிதில்லை. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளைக்குச் சூலக்குறி வைப்பார்கள். அதைப் பார்த்தால் ஊரே வழிவிடும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: எந்த மாடும் தனக்குத் தானே சூடு போட்டுக்கொண்டதில்லை.

எங்கள் ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் திருவண்ணாமலை மலை தெரியும். கார்த்திகைக்கு மொட்டை மாடியில் நின்றே தீபம் பார்ப்போம். அந்த மலையடிக்கு 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி பதினாறு வயதுப் பையன் ஒருவன் மதுரையிலிருந்து வந்து இறங்கினான். வீட்டில் எழுதி வைத்துவிட்டு வந்த சீட்டில் 'நான்' என்று தொடங்கியவன், நடுவில் தன்னையே 'இது' என்று குறிக்க ஆரம்பித்துவிட்டான். கடைசியில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. இங்கே வந்தபின் பேச்சும் நின்றது. குருமூர்த்தம் என்ற இடத்தில் இருந்தபோது தாலுகா ஆபீஸ் கணக்கர் ஒருவர், பெயர் தெரியாமல் நகர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். காகிதத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது இரண்டே சொல்: வேங்கடராமன், திருச்சுழி. பெயரும் ஊரும். தபால்காரனுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படாது.

ரமண மகரிஷி என்ற பெயரும் அவர் வைத்துக்கொண்டதல்ல. 1907-இல் காவ்யகண்ட கணபதி முனி வைத்தது. அதே திருவண்ணாமலையில் விசிறியும் கொட்டாங்குச்சியுமாக இருந்த யோகி ராம்சுரத்குமார் தன்னைப் பிச்சைக்காரன் என்றே சொல்லிக்கொண்டார். விசிறி சாமியார் என்பது ஊர் கொடுத்த பெயர்.

'நான் யார்?' என்ற சின்னப் புத்தகத்தை ரமணாசிரமத்தில் வாங்கியிருப்பீர்கள். 1902 வாக்கில் அந்தக் கேள்விகளைக் கேட்ட சிவப்பிரகாசம் பிள்ளை வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவருக்கு அந்தச் சந்தேகம் வந்ததில் எனக்கு இப்போது ஆச்சரியமே இல்லை. ஆனால் எனக்கு அத்தனை ஆழம் முங்கத் தெரியாது. எனக்கு வழிகாட்டியவர் எங்கள் ஊர் போர்டு பெயின்டர்.

ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன் கடைத்தெரு முழுக்க அவர் கையெழுத்துதான். தகரத்துக்கு மஞ்சள் பூசி, காயவிட்டு, சுண்ணாம்பு தடவிய நூலை இரண்டு முனையில் இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டுவார். நேர்கோடு விழும். 'ழ'கரத்தின் வாலை மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பார். டீக்கடையில் அவரிடம் என் முப்பது வார்த்தைக் கதையைச் சொன்னேன். பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "கடைக்குள்ள போய் இன்னா சரக்கு கீதுன்னு பாக்காம நான் போர்டுல பிரஷ் வச்சதில்ல சார். 'சகல சாமான்களும் கிடைக்கும்'னு எழுதச் சொல்லுவாங்க. எழுதிட்டுப் போனா, நாளைக்கு ஆணி கேட்டு வந்தவன் என்னியதான் சிரிப்பான்."

வீட்டுக்கு வந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்தேன். ஒரு மாதம், என்னைத் தேடி யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்று ராத்திரி குறித்து வைத்தேன். அவ்வளவுதான் வேலை. பக்கத்துத் தெரு ஆயா, பேங்க் மெசேஜில் முதியோர் பணம் ஏறிவிட்டதா என்று பார்க்க. பன்னிரண்டாவது முடித்த பையன், விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்று கேட்கிறானே, இன்ஷியலை அங்கே போடுவதா என்று கேட்க. வக்கீல் நோட்டீஸை மடியில் மறைத்துக்கொண்டு ஒருவர். மாதக் கடைசியில் புரட்டினால் பாதிக்கு மேல் ஒரே காரணம்: கையில் ஒரு காகிதம், அல்லது போன். "இதுல இன்னா எழுதிக்கீதுன்னு கொஞ்சம் படிச்சி சொல்லு சார்."

சைக்கிள் காலம் ஞாபகம் வந்தது. மகன் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போக முடியாது, படித்துக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். உறையைப் பிரித்ததும் கடைசி வரியைக் கண்ணால் ஓட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். கெட்ட சேதி இருந்தால், "ஆயா, மொதல்ல கொஞ்சம் தண்ணி கொடு" என்பேன். தண்ணீர் எனக்கில்லை. அவள் உள்ளே போய் வரும் நேரத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொள்வேன். துறை இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. இதற்குச் சம்பளமும் இல்லை. அதனால்தான் ஓய்வுபெற்ற அன்று இதை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை.

வேலை போனவர்கள், ஓய்வுபெற்றவர்கள், பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய வீட்டில் தனியாக நிற்கும் தாய்மார்கள் இருப்பீர்கள். பலகை எழுதுவதற்கு முன் ஒரு மாதம் நோட்டு வைத்துப் பாருங்கள். உங்கள் வாசலுக்கு யார், எதற்கு வருகிறார்கள் என்று மட்டும் குறியுங்கள். உள்ளே இருக்கும் சரக்கு நமக்குத் தெரிவதற்கு முன்பே தெருவுக்குத் தெரிந்திருக்கிறது.

போன வாரம் ஆசிரியர் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். 'கீழ்பென்னாத்தூர்க்காரர். மற்றவர்களுக்கு வந்த காகிதங்களைப் படித்துச் சொல்பவர்.' முப்பது கேட்டார்கள், ஆறுதான் தேறியது. மகளுக்கும் அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. பிறகு, "மாத்தாதப்பா" என்று வந்தது.

மறுநாள் அந்தத் தம்பி போன் செய்தார். "சார், ஊர்ப் பேருக்கு ரெண்டு சுழியா, மூணு சுழியா?"

"எதைப் போட்டாலும் வந்து சேரும் தம்பி" என்றேன்.