வேரடி மண்ணைக் காப்போம்

மழை தவறினால் ஒரு புஞ்சை வாடுகிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு புஞ்சை சில நாள் கூடுதலாகத் தாக்குப் பிடிக்கிறது. விதை ஒன்று, வானம் ஒன்று. வித்தியாசம் எங்கே? பல சமயம் வேரைச் சுற்றியுள்ள மண்ணில்தான் என்கிறது விஞ்ஞானம்.

1904-ல் ஜெர்மன் விஞ்ஞானி லோரன்ஸ் ஹில்ட்னர் இந்த மண்ணுக்குத் தனிப் பெயரே சூட்டினார். வேரை ஒட்டிச் சில மில்லிமீட்டர் கனம்தான். செடி, இலையில் தயாரித்த உணவில் ஒரு பங்கை வேர் வழியே கசிய விடுகிறது. அதை உண்ணும் நுண்ணுயிர்கள் சும்மா இருப்பதில்லை. கம்பு, சோளம், பருத்தி வேர்களோடு கூடி வாழும் பூஞ்சை, வேர் நுழையாத இடுக்குகளிலும் இழை ஓட்டி நீரும் மணிச்சத்தும் கொண்டு வருகிறது. சில பாக்டீரியாக்கள் பசை சுரந்து ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. வறட்சியோ உப்போ தாக்கும்போது செடியில் எத்திலீன் வாயு பெருகி வேர் வளர்ச்சியைத் தடுக்கிறது. வேறு சில பாக்டீரியாக்கள் அந்த வாயுவின் மூலப்பொருளையே தின்று விடுகின்றன. வேர் மேலும் இறங்குகிறது.

தாளைக் கொளுத்தினால் மேல்மண்ணின் உயிர்கள் கருகுகின்றன. சூப்பர் பாஸ்பேட்டை அளவின்றிக் கொட்டினால் பூஞ்சை வேரோடு சேர்வது குறைகிறது. தொழுஉரமும் தழையுரமும் மண்ணுக்கு உயிர் ஊட்டுகின்றன. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி நாகை வயல்களில் உப்பைக் கொட்டிச் சென்றது. மழைநீரால் உப்பைக் கழுவி, தக்கைப்பூண்டை மடக்கி உழுது நிலத்தை மீட்டவர்கள் உழைப்பாளிகளே.

"விவசாயிக்கு அறியாமை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோர் உண்டு. நாம் கேட்கிறோம்: வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவன், அடுத்த போகம் நிலம் தன் கையில் இருக்குமா என்று அறியாதவன், எதை நம்பி வண்டி வண்டியாக எரு அடிப்பான்? மண்ணில் உயிரை வளர்க்க வருஷங்கள் ஆகும். 1969-ல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் வந்தது. ஆனால் ஏட்டில் பெயர் ஏறாதவனுக்குச் சட்டம் வெறும் காகிதமே!

வேரடி மண் மழைக்கு மாற்று அல்ல; ஏரியும் வாய்க்காலும் தூர் வாரப்பட்டே ஆகவேண்டும். அத்துடன், உழுபவன் பெயர் பதிவேட்டில் ஏறட்டும். அசோஸ்பைரில்லம் போன்ற உயிர் உரம் வெயிலில் கிடந்தால் செத்துப்போகும் சரக்கு. அது கெடாமல், நடவுக்கு முன்பே, கூட்டுறவுச் சங்கத்தில் கிடைக்கட்டும்.

இது வயலில் நிற்பவரின் பிரச்னை மட்டுமல்ல. ஆலையில் நூற்கும் பஞ்சும், ஆலைத் தொழிலாளி வீட்டுச் சோறும் அந்த மண்ணில்தான் பிறக்கின்றன. மண் உயிரோடு இருக்க, அதில் உழைப்பவனுக்கு உரிமை வேண்டும். இதற்காக ஆலையும் வயலும் சேர்ந்து குரல் கொடுப்போம்!