கம்பைலர் வார்னிங் வந்தாலே கெர்னல் பில்டு நிக்கணுமா?

கோடுல ஒரு எழுத்துகூட மாத்தலை. கம்பைலரை அப்டேட் பண்ணதும் திரை முழுக்க வார்னிங். புதுசா கெர்னல் பில்டு பண்றவங்களுக்கு மட்டும்தான் இந்தக் கூத்துன்னு நினைச்சா, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கே 2025 ஏப்ரலில் இது நடந்தது. தன் கணினியை ஃபெடோரா 42-க்கு மாற்றினார், கூடவே ஜிசிசி 15 வந்தது.

அந்த வார்னிங் என்ன சொன்னது? சி மொழியில் ஒரு சொல்லைச் சேமித்தால், அது எங்கே முடிகிறது என்று காட்ட கடைசியில் ஒரு பூஜ்ய பைட் சேரும். நாலெழுத்துச் சொல்லுக்கு அஞ்சு பைட் வேணும். ஆனா, ஃபர்ம்வேர் தரும் ஏசிபிஐ அட்டவணைகளின் பெயர்கள் சரியா நாலெழுத்து. கெர்னலில் அதுக்கு ஒதுக்கின இடமும் நாலு பைட்தான். சி மொழி இதை அனுமதிக்குது. கெர்னலும் அந்த நாலு பைட்டை அப்படியே ஒப்பிடுவதோடு சரி. பழைய ஜிசிசி கண்டுக்காம விட்டதை, புதுசு 'இடம் பத்தலையே' என்று கேட்டது.

கேள்வி நியாயமானதுதான். வேற இடத்தில் இப்படிப் பூஜ்யம் விட்டுப்போனா, ப்ரோகிராம் பக்கத்து மெமரியையும் சேர்த்து வாசிச்சிடும். ஆனா எழுதினவர் தெரிஞ்சேதான் விட்டாரா என்பது கம்பைலருக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்ல 'நான்ஸ்ட்ரிங்' என்ற குறி இருக்கு. டோர்வால்ட்ஸ் அதைச் சில இடங்களில் சேர்த்தார். பிறகு அந்த வார்னிங்கையே 'இப்போதைக்கு' என்று சொல்லி அணைத்துவிட்டார்.

எனக்கு அது சரியான முடிவாகத்தான் படுது. சும்மா சும்மா அடிக்கிற அலாரத்தை நாலாவது நாள் யாரும் எழுந்து பார்க்க மாட்டாங்க. நிஜமான பிழையும் அந்தச் சத்தத்துலயே காணாமப் போயிடும்.

இதே டோர்வால்ட்ஸ், 2021 செப்டம்பரில் எல்லா வார்னிங்கையும் எர்ரராக மாற்றி, ஒன்று வந்தாலும் பில்டு நிற்கும்படி செய்தார். வெவ்வேறு கம்பைலர், வெவ்வேறு ப்ராசசர் வைத்திருந்தவர்களுக்கு பில்டு உடைந்தது. சில நாட்களிலேயே, சோதனைக்கான பில்டுகளுக்கு மட்டும் அது டிஃபால்ட் ஆனது. திருத்தத் தெரிஞ்சவங்க கிட்ட கெடுபிடி காட்டலாம். சொந்த லேப்டாப்புக்குக் கெர்னல் பில்டு பண்றவரை ஏன் நிறுத்தணும்?

அதுக்காக எல்லா வார்னிங்கையும் ஒரே ஆப்ஷனில் அமுக்குவதை ஏத்துக்க முடியாது. டோர்வால்ட்ஸ் அணைத்தது ஒன்றை மட்டும், அதுவும் காரணம் தெரிஞ்சு. வார்னிங் வரியின் கடைசியில், சதுர அடைப்புக்குள் அதன் பெயர் இருக்கும். முதல்ல அதைத் தேடிப் படிங்க. அப்புறம் அதே கோடைப் பழைய கம்பைலரில் ஒருமுறை ஓட்டிப் பாருங்க. மாறினது கோடா, கம்பைலரா என்று அங்கேயே தெரிஞ்சிடும்.